திறந்த கேள்வி

கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறார் ஜெசிந்தா மேடம், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசினால்தான் நாம் சொல்வது அவருக்குள் இறங்கும் என்கிறார், ஆனால் இந்தப் போனில் யாருடைய கண்ணை எப்படிப் பார்ப்பது, மேடத்தின் முகத்தைப் பார்த்தால் என் கண் கவிழ்ந்த மாதிரித் தெரிகிறது, போனின் உச்சியில் இருக்கிற கறுப்புப் பொட்டைப் பார்த்தால் மேடம் காணாமல் போய்விடுகிறார். அடுப்பு மேடையில் சீனி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு, குக்கர் ஒரு விசில் அடித்துவிட்டு அடுத்ததற்கு மூச்சு வாங்குகிறது, நல்லவேளை மைக்கை அணைத்திருக்கிறேன். வீடியோவை மட்டும் எல்லோரும் போட்டே ஆக வேண்டும், கட்டம் கட்டமாக முகங்கள், அதில் ஒரு கட்டத்தில் நான், என் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி. அதில் என் வீட்டுக்காரருடைய யூனிபார்ம் சட்டை தொங்கும். சட்டையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன், ஆணியை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் வகுப்பில் மேடம் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து என் பெயரில் நின்று, பேச்சியம்மாள், பேச்சுக்கே அம்மாவா, பேச்சுத்திறன் பாடத்துக்குப் பொருத்தமான பேருதான் என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் குலசாமி பேர் அது. ஊரில் சொல்வார்கள், பேருதான் பேச்சி, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துரும்னு பூட்டி வச்சிருக்கா என்று. அது உண்மைதான், ஆனால் அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, வீட்டில் பேசுவதற்கு இன்னொரு ஆள் இருந்தவரைக்கும்.

அவர் இறந்ததற்குக் கருணை அடிப்படையில் எனக்குக் கோவில்பட்டி பஸ் டிப்போ ஆபீசிலேயே ஒரு வேலை கொடுத்தார்கள். பைல் எடுத்து வைப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது. ஒரு டிகிரி இருந்தால் விசாரணைக் கவுண்டருக்குப் போகலாம், சம்பளமும் கூடும் என்று மேனேஜர் சொல்ல, என் மகள் ஹரிணி இந்த ஆன்லைன் கல்லூரியில் சேர்த்துவிட்டாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை எனக்கு அட்மிஷன் போட்டுக் கொடுக்கிறது. இந்தப் பருவத்தில் இந்தத் தாள் கட்டாயம், மனிதர்களோடு பேசிப் பழகும் திறன். விசாரணைக் கவுண்டரில் நான் உட்கார்ந்து மைக்கில் பேசுவேனாம், சங்கரன்கோவில் செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையில் என்று. அதைக் கேட்டிருந்தால் அவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அய்யாத்துரை கண்டக்டர் என்றால் அந்த ரூட்டில் தெரியாதவர்கள் கிடையாது, பஸ்ஸில் ஏறினால் காதுக்கு ஓய்வில்லை, கீரைக்கட்டோடு ஏறுகிற ஆயாவிடம் மருமகள் எப்படி என்று கேட்பார், காலேஜ் பிள்ளைகளிடம் அரியர் எத்தனை என்பார், டிக்கெட் கிழிக்கிறதும் பேச்சும் ஒரே கையில் ஓடும். அவ்வளவும் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, அதை முதலிலிருந்து எனக்கு மறுபடி பேசுவார். நான் சோறு போடுவேன், ரசம் ஊற்றுவேன், ம் என்பேன். ஒருநாள் சொன்னார், ஏ பிள்ளே, உன் ம்முல கோபத்துக்கு ஒண்ணு, நம்பலைங்கிறதுக்கு ஒண்ணு, தூக்கம் வருது ஆளை விடுங்கிறதுக்கு ஒண்ணு, எல்லாம் எனக்குத் தெரியும். போன வாரம் மேடம் அதைத்தான் பாடமாக நடத்தினார். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாமல் ம், அப்புறம், சரி என்று மெல்லச் சொல்வது மிக உயர்ந்த திறன், படித்தவர்களுக்கே அது வராது என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் செய்ததற்கு ஒரு பேர் இருந்திருக்கிறது, அதற்கு மதிப்பெண்கூட உண்டு, ஆனால் இனி யாருக்கு ம் சொல்லுவது. ஹரிணி பேசுவதில்லை. அவள் என் ஜாதி. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க மூன்று வார்த்தையில் ஓட்டிவிடுவோம், தட்டு எடு, லைட்டை அணை, கதவைப் போடு.

கேள்விகள் இரண்டு வகைப்படும் என்கிறார் மேடம் இப்போது. திரையில் ஒரு கதவு படம் போடுகிறார், மூடின கதவு ஒன்று, திறந்த கதவு ஒன்று. ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி மூடின கேள்வி. சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லா இருக்கா, ஏதாவது சொன்னாரா. இல்லை, ஏதாவது சொன்னாரா என்று மேடம் சொல்லவில்லை, அது என் கேள்வி, எனக்குள் கிடக்கிற கேள்வி, எங்கிருந்து வந்து அந்த வரிசையில் உட்கார்ந்துகொண்டது. அண்ணே, அவுக கடைசியா ஏதாவது சொன்னாகளா. இதைச் செல்லையா அண்ணனிடம் கேட்க வேண்டும். செல்லையா அண்ணன் அவருடைய பஸ்ஸின் டிரைவர், ஒரே வண்டியில் வருஷக்கணக்காக ஒன்றாக ஓடியவர்கள், நாளையோடு அண்ணனுக்கு ரிட்டயர்மெண்ட், சாயங்காலம் டிப்போவில் மாலை போட்டுக் கேசரி கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதற்கு மறுநாள் ஓசூரில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விடுகிறார். போன ஆடியில் என் வீட்டுக்காரர் இறந்தார். காலை டிரிப் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்து, ஆட்கள் எல்லாம் இறங்கின பிறகு இவர் பின்சீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார், அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்து எழுப்பியிருக்கிறார், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் தூக்கத்திலேயே போய்ட்டான், நோகாமப் போய்ட்டான், குடுத்து வச்சவன் என்றார்கள், நானும் அதைப் பிடித்துக்கொண்டேன், ராத்திரி விழிப்பு வந்தால் நோகாம, நோகாம என்று சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவேன். செல்லையா அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனையிலேயே நின்றார், வீட்டுக்குள் வரவில்லை. நான் ஆபீசில் சேர்ந்த பிறகும் தினம் கையெழுத்துப் போட வருகிறார், பேனாவை எடுக்கிறார், என் பக்கம் திரும்பாமல் போய்விடுகிறார். நான் வாயைத் திறப்பேன், தொண்டையில் ஏதோ அடைக்கும், அதற்குள் அவர் முதுகு வாசலில் இருக்கும். எத்தனையோ தடவை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், அண்ணே, அவுக கடைசியா ஏதாவது சொன்னாகளா. இப்போது மேடம் சொல்கிறார், மூடின கேள்வி கேட்டால் இல்லை என்று ஒரு வார்த்தை வரும், அத்தோடு கதவு சாத்திக்கொள்ளும், தொடர்ந்து கேட்க உங்களுக்கு வழி இருக்காது. ஆமாம், அதற்குத்தான் பயப்பட்டேன் போலிருக்கிறது, இல்ல தாயி என்று அண்ணன் சொல்லிவிட்டால் அப்புறம் நான் எங்கே போய் நிற்பது. திறந்த கேள்வி கேளுங்கள், என்ன நடந்தது, எப்படி இருந்தது, சொல்லுங்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பது எனக்கு வரும் மேடம், அந்த முதல் பாதிதான் வராது.

இரண்டிரண்டு பேராகத் தனி அறையில் போடுகிறேன், கடினமான ஒரு உரையாடலைத் தொடங்கிப் பழகுங்கள் என்று மேடம் சொல்லி முடிப்பதற்குள் போன் ஒரு சுற்றுச் சுற்றி, முகங்கள் எல்லாம் போய், ஒரே ஒரு முகம் பெரிதாக வந்து நிற்கிறது. கண்ணாடி போட்ட பையன், பையன் என்ன, முப்பதுக்குப் பக்கத்தில் இருக்கும், பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறது. "வணக்கங்க்கா, நான் சிவசண்முகம், திருப்பூருங்க, பனியன் கம்பெனில இருக்கறனுங்க. மைக் ஆன் பண்ணிக்கங்க்கா." ஆன் பண்ணினேன், அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. அவர் சிரித்தார். "பருப்புங்களா?" ம் என்றேன். மேடம் அனுப்பின தாளைப் படித்தார், தாமதமாக வரும் ஊழியரிடம் மேலாளர் காரணம் கேட்க வேண்டும், அக்கா நீங்க மேலாளர், நான் ஊழியர். நான் என்ன கேட்பது, ஆபீசில் தண்ணீர் பிடித்து வைக்கிறவள் மேலாளராகி யாரைக் கேட்பது, வாயைத் திறந்தேன். நீங்க, நீங்க என்று இரண்டு தடவை சொல்லி நின்றுவிட்டேன். முகம் வியர்த்து வழிந்தது, திரையில் என் முகமே எனக்குத் தெரிகிறது, இப்படித்தானா நான் மனிதர்கள் முன்னால் இருக்கிறேன். அவர் அவசரப்படவில்லை. "இந்தத் தாள் கெடக்குதுங்க்கா. எனக்கும் இது செயற்கையாத்தான் இருக்குது. உங்களுக்கு நெசமாலுமே யார்கிட்டயாவது ஏதாவது கேக்க வேண்டியிருந்தா அதையே கேளுங்க, நான் அவங்களா இருந்துக்கறேன்." நெசமாலுமே என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள் எதுவோ இளகிவிட்டது, முன்பின் தெரியாத முகம், நாளைக்கு எதிரில் வராத முகம், அந்தத் தைரியமோ என்னவோ. "நீங்க ஒரு டிரைவர்" என்றேன். "சரிங்க." "என் வீட்டுக்காரர் உங்க வண்டில கண்டக்டர். அன்னைக்குச் சங்கரன்கோவில் போனீக. அவுக வண்டிலயே..." சேலைத் தலைப்பை வைத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். "அன்னைக்கு என்ன நடந்துச்சுண்ணே. மொதல்ல இருந்து சொல்லுங்க."

அவர் நல்ல பிள்ளை, பாவம், பாடம் என்றே நினைத்துவிட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டு டிரைவராகவே ஆகிவிட்டார். "அன்னைக்கு ரொம்ப சந்தோஷமாத்தாம்மா வந்தாரு. வழியெல்லாம் உன்னைப் பத்தித்தான் பேச்சு. என் சம்சாரம் மாதிரி ஒரு பொம்பளை கெடைக்க மாட்டா, அவள நல்லா வச்சுக்கணும்னு சொல்லிட்டே வந்தாரு." பொய் என்று எனக்குத் தெரியும். என் முன்னால் ஒரு முகம் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவர் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை, சம்சாரம் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது, பேச்சி என்பார், பிள்ளே என்பார், வெளியாட்களிடம் எங்க ஊமைச்சாமி என்பார். தெரிந்தும், தெரிந்துகொண்டே, அந்த வாக்கியத்தை என் உடம்பு வாங்கிக்கொண்டது, அடுப்பு மேடையைப் பிடித்தேன், கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கத் தோன்றவில்லை. சடங்கெல்லாம் முடிந்து அழாத அழுகை, ஹரிணி பார்த்துவிடுவாளே என்று விழுங்கின அழுகை, முன்பின் அறியாத ஒருவர் எதிரில், அவர் கட்டிச் சொன்ன பொய்க்கு. அவர் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, இது நெசங்களா?" தலையை ஆட்டினேன். "மன்னிச்சுக்கங்க்கா. நான் தெரியாம அடிச்சு விட்டுட்டனுங்க. அவரு என்ன சொன்னாருன்னு எனக்கெப்படித் தெரியும்." "பரவால்ல தம்பி." "அந்த டிரைவர் இருக்கறாருங்களா?" "இருக்காரு. நாளைக்கு ரிட்டயர்டு." போய்க் கேளுங்க என்று அவர் சொல்லவில்லை, கேக்காதீங்க என்றும் சொல்லவில்லை. நேரம் முடிந்து மறுபடி எல்லா முகமும் வந்தபோது மேடம் எங்கள் ஜோடியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பேசிக் காட்டச் சொன்னார். சிவசண்முகம் முந்திக்கொண்டார், அக்காவுக்கு நெட் சரியா வரலைங்க மேடம், வேற யாரையாவது கூப்பிடுங்க. என் படம் தெளிவாக, அழுத கண்ணோடு எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. மேடம் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தார்.

வகுப்பு முடிந்து திரை கறுத்ததும் அடுப்பை அணைத்தேன், பருப்பு குழைந்துபோயிருக்கும், குழையட்டும். இப்போது கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்கப் போவதில்லை. கேட்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும், நோகாமப் போனார் என்பது கையில் இருக்கிறது, நிம்மதி என்றால் இவ்வளவு கிடைப்பதே பெரிது, அதைக் கெடுத்துக்கொள்வானேன். ஆனால் அந்தப் பையன் சொன்ன பொய் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று பயமாக இருந்தது, நாள்பட நாள்பட அதுவே அவர் சொன்னதாக ஆகிவிடும், என் வீட்டுக்காரர் பேசாத பேச்சை அவர் பேசினதாக நானே நம்பிவிடுவேன், இவ்வளவு பேசின மனிதனுக்கு நான் செய்கிற மரியாதை அதுவா. செல்லையா அண்ணன் நம்பரை அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க வேண்டாம் சாமி என்று ஒரு மனசு கும்பிட்டது. எடுத்துவிட்டார்.

"யாரு?"

"நான் பேச்சியம்மா, அண்ணே."

"சொல்லு தாயி" என்றார், ஒரு கிழவனின் குரலில்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுண்ணே. கோவில்பட்டில வண்டிய எடுத்ததுல இருந்து சொல்லுங்க."

கேட்டுவிட்டேன். மேடம் சொன்ன மாதிரி பேசாமல் நின்றேன். அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. "நீ கேப்பேன்னுதான் தாயி நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு திரிஞ்சேன். வீட்டுல சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை அவன் சொல்லிட்டுப் போகலியே. வெறுங்கையோட வந்து உன் முன்னாடி எப்படி நிப்பேன்." ம் என்றேன். அவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. "பஸ் ஸ்டாண்டுல வழக்கம்போலத்தான் ஏறுனான். நம்ம பூக்காரம்மாகிட்ட வம்பு பேசிக்கிட்டு. வழியில ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் ஏறுச்சு, அவுககிட்ட எங்களுக்குப் பந்தி உண்டான்னு கேட்டான், எல்லாரும் சிரிச்சாக. கழுகுமலை வரைக்கும் அப்படியே வந்தான்." ம். "கழுகுமலை தாண்டி பேச்சு நின்னு போச்சு." நான் ம் சொல்லவில்லை. "எனக்கு முதுகு அந்தப் பக்கம், பாக்க முடியாதுல்லா. கல்யாண வீட்டாளுக எறங்கிட்டாக, களைச்சிட்டான் போலன்னு நெனச்சேன். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு விசில் மட்டும் வந்துச்சு தாயி. ஊர் பேரச் சொல்லிக் கூப்பிடுவான்லா, அது வரல. விசில் மட்டும். நிப்பாட்ட ஒண்ணு, எடுக்க ரெண்டு, ஒண்ணுகூடத் தப்பல. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டிய ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போய் நிப்பாட்டியிருப்பேன்." அதற்கு மேல் அண்ணனால் முடியவில்லை. அவர் அழுகிற சத்தத்துக்குப் பின்னால் யாரோ அவரை என்ன என்ன என்று கேட்கிறார்கள், ஒன்றுமில்லை என்கிறார். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். எனக்கு அந்த ரோடு தெரியும், கழுகுமலை தாண்டிக் கரிசல்காடு, வேலிமரம், அங்கங்கே ஒரு நிழற்குடை, சங்கரன்கோவில் கோபுரம் தெரிகிறவரைக்கும் அந்த நீளம் முழுக்க அவர் வலியோடு நின்றிருக்கிறார், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் விசிலை. நோகாமல் இல்லை. ஊரில் உள்ள கதையெல்லாம் பேசினவர், ஆயாவின் மருமகளையும் பூக்காரியின் கடனையும் பேசினவர், நெஞ்சு வலிக்கிறது என்கிற ஒன்றை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் பேச்சு முழுவதும் மற்றவர்களைப் பற்றியே இருந்ததை நான் இத்தனை வருஷம் ம் சொல்லிக் கேட்டேனே, உங்களுக்கு எப்படி இருக்கு என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, அப்படி ஒரு பேச்சு உண்டென்றே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

"லைன்ல இருக்கியா தாயி?"

"இருக்கேண்ணே. நாளைக்கு ஆபீசுக்கு வரும்போது என்னைப் பாத்துட்டுப் போங்க."

"வாரேன். கட்டாயம் வாரேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஹரிணி நிற்கிறாள், டியூஷன் பையைத் தோளிலிருந்து இறக்காமல், எப்போது வந்தாளோ. என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள். நான் இவ்வளவு நேரம் போனில் பேசி அவள் கண்டதில்லை. "யாரும்மா?" என்றாள். செல்லையா மாமா என்றேன். "என்னவாம்?" சும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பிள்ளை அதற்கு மேல் கேட்காது, பையை இறக்கிவிட்டுக் கைகால் கழுவப் போய்விடும், சாயங்காலம் வரைக்கும் ஒரு சத்தம் இருக்காது, அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அப்பா நோகாமப் போனார் என்றுதான் இவளும் தூங்குகிறாள். அதை எடுத்துவிட்டு இவள் கையில் எதைக் கொடுக்கப் போகிறேன், ஒரு விசில் சத்தத்தையா. ஆனால் அவளும் ஒருநாள் யாராவது அட்டைப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த முகத்திடம்தான் இதைக் கேட்க வேண்டுமா. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். "பையை வச்சிட்டு வந்து உக்காரு" என்றேன், "அப்பா கடைசியாப் போன டிரிப்பப் பத்திச் சொல்றேன்." அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று கொஞ்சம் யோசித்தேன். பஸ் ஸ்டாண்டில், பூக்காரம்மாவிடம் அவர் வம்பு பேசிக்கொண்டு ஏறினதிலிருந்து தொடங்கினேன்.